படுத்து வந்த ஒயின் ஃபிரிட்ஜ்

எனக்கு ஒயின் குடிக்கிற பழக்கம் கிடையாது. கிறிஸ்மஸுக்கு ஒரு மாதம் முன்னால் என் அம்மா ஊறுகாய் ஜாடியில் கறுப்புத் திராட்சையும் சீனியும் கிராம்பும் போட்டு வாயைக் கட்டி வைப்பார். அதில் வருடத்துக்கு ஒரு சின்ன கிளாஸ், அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் ஒயின் பாட்டில் வைக்கிற ஃபிரிட்ஜைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் சோறு தண்ணீர் இல்லாமல் பேசுவேன். ஜொகூர் பாருவில் ஒரு மின்சாதனக் கடையில் இருபத்தாறு வருடம் விற்பனையாளராக இருந்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். கடைசிப் பதினொரு வருடம் எனக்கு ஃபிரிட்ஜ் பகுதி.

என்னோடு வேலை செய்த பிள்ளைகள் இன்னும் என்னை வாட்சாப் குழுவிலிருந்து வெளியே தள்ளவில்லை. போன வாரம் ஷர்மினி கேட்டிருந்தாள். ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு டூயல் சோன் ஒயின் ஃபிரிட்ஜ் கேட்கிறாராம். இப்போதெல்லாம் போனில் அளவைப் போட்டால் எதை வாங்கலாம் என்று அதுவே சொல்லிவிடுகிறதாம். "அப்பறம் நாம என்னக்கா சொல்றதுக்கு இருக்கு?" என்று முடித்திருந்தாள். நான் பதில் தட்ட ஆரம்பித்தேன். கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். இது போனில் அடங்குகிற விஷயம் இல்லை என்று தெரிந்தது, காகிதத்தை எடுத்துவிட்டேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. பிறந்தது லாயாங் லாயாங். அப்பாவுக்கு ரயில் தண்டவாள வேலை. படிப்பு பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு நின்றது. பிறகு மாசாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் டிவிக்குத் திருகாணி முடுக்கினேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், அப்புறம் கடை. கடையில் முதல் பதினைந்து வருடம் ஃபேன், ரைஸ் குக்கர், மசாலா அரைக்கிற கிரைண்டர். ஃபேன் விற்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கடைக்கு வருகிற பாதிப் பேர் வெயிலுக்குக் காற்று வாங்க வருகிறவர்கள். முகத்தைக் காட்டி நின்று வியர்வை அடங்கியதும் "பிறகு வர்றேன்" என்று போய்விடுவார்கள். அந்தக் காற்றிலிருந்து தப்பித்து, கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பெட்டிகள் இருக்கிற பக்கம் போகவேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. அங்கே வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். விற்கிறவளும் உட்காரலாம்.

கடையின் மேலாளர் மேடம் ஓங். குட்டையான உருவம், தட்டைச் செருப்பு, கைப்பையில் எப்போதும் ஓர் அளவுநாடா. எங்களோடு மலாயில்தான் பேசுவார், அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மஞ்சள் துணியை எடுத்து ஃபிரிட்ஜ் கதவுகளைத் துடைக்க ஆரம்பிப்பார். காலையில் வேலைக்கு வரும்போது கண்ணாடிகள் பளபளவென்று இருந்தால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

புதிய மாடல் எது வந்தாலும் விற்பனைக்கு வைக்குமுன் ஒரு நாள் முழுக்க ஓட விடுவார். மேல் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர், கீழ்த் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர், இரண்டிலும் ஒரு வெப்பமானி. கதவில் நீல வெளிச்சத்தில் மின்னுகிற எண்ணை அவர் ஒரு பொருட்டாக மதிக்கமாட்டார். அது உள்ளே இருக்கிற காற்றின் குளிர். கதவைத் திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும். பாட்டிலுக்குள் இருப்பது காற்று இல்லையே. தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு குளிர்ந்தது என்று பார்த்து, சின்ன நோட்டில் எழுதிவைத்த பிறகுதான் அந்தப் பெட்டியைப் பற்றி எங்களை வாய் திறக்க விடுவார்.

வாடிக்கையாளர் வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி விலையைப் பற்றி இருக்காது. "உங்கள் வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்?" என்று கேட்பார். வந்தவர்கள் விழிப்பார்கள், ஏதோ இவர் திருட வரப்போகிற மாதிரி. மேடம் பதில் கிடைக்கும்வரை விடமாட்டார். இரண்டு மணிக்கு வீட்டில் இருக்கிற ஆளுக்குத்தான் வெயில் எந்தச் சுவரில் அடிக்கும், எந்தக் கதவு எதில் இடிக்கும், எந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் என்று தெரியும். அந்த ஆளிடம் பேசாமல் பெட்டியை விற்காதே என்பது அவர் சட்டம்.

சரி, ஷர்மினி கேட்டதற்கு வருகிறேன். டூயல் சோன் என்றால் ஒரே பெட்டிக்குள் மேலே ஒரு குளிர், கீழே ஒரு குளிர். வெள்ளை ஒயினை எட்டு டிகிரி பக்கத்திலும் சிவப்பு ஒயினைப் பதினைந்து டிகிரி பக்கத்திலும் வைத்துக் குடிக்கிறவர்களுக்கு அது வேண்டும். ஒரே வகையைக் குடிக்கிறவருக்கு ஒற்றை அறை போதும், அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்று சிலர் படித்துவிட்டு வருவார்கள். குளிர்நாட்டுக்காரன் அறை வேறு, நம் அறை வேறு. நம் அறை வெப்பத்தில் கஞ்சிகூட ஆறாது.

கம்ப்ரசர் இல்லாத சின்ன வகை ஒன்று உண்டு. சத்தமே போடாது, பார்க்கவும் அழகு. ஆனால் வெளியே இருக்கிற சூட்டிலிருந்து ஓரளவுக்குத்தான் அதனால் இறக்க முடியும். ஏர்கான் ஓடாத வீட்டில் வைத்தால் மத்தியானம் அதற்கு மூச்சு வாங்கும். அட்டைப்பெட்டியில் நாற்பத்தாறு பாட்டில் என்று போட்டிருந்தால் முப்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒல்லிப் பாட்டில்களை வைத்து எண்ணியது. தொப்பை வைத்த பாட்டில் நான்கு வந்தால் தட்டை இழுக்க முடியாது. சமையலறை மேடைக்குக் கீழே நுழைக்கப்போகிறார்கள் என்றால், குனிந்து பெட்டியின் அடியில் பாருங்கள். முன்பக்கம் சல்லடை மாதிரி துளைகள் இருந்தால் சூடு முன்னால் வெளியேறும். பின்பக்கம் சூட்டை விடுகிற வகையை நுழைத்தால் அது தன் சூட்டிலேயே வெந்துபோகும்.

இதெல்லாம் போனும் சொல்லும், ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு விதி இருக்கிறது. பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால், நிமிர்த்தி வைத்து ஒரு நாள் முழுக்கச் சும்மா விடவேண்டும். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுத்தால் அது குழாய்களுக்குள் ஓடிவிடும். அது திரும்பி வந்து சேருமுன் சுவிட்சைப் போட்டால் குளிர் ஏறாது, சில நேரம் கம்ப்ரசரே போய்விடும். இதுவும் புத்தகத்தில் இருக்கிறதுதான். ஆனால் இந்த விதியை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தெரிந்தே மீறினேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மேடம் என்னை ஃபேனிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றினார். மாற்றும்போதே, மூன்று மாதம் பார்ப்போம், உன் தவறால் ஒரு பெட்டி கெட்டாலும் மறுபடியும் ஃபேனுக்குப் போகவேண்டும் என்றார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். இரண்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது மாதம் சந்திரசேகரன் வந்தார்.

சிங்கப்பூரில் எஞ்சினியர். தினமும் விடியலுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்வருகிற மனிதர். செனாயில் புதிதாக இரட்டை மாடி வீடு வாங்கியிருந்தார். வாய் நிறையப் பேசுவார், மனசு நிறைய ஆசை. அவருடைய சிங்கப்பூர் நண்பர்கள் வீட்டிலெல்லாம் ஒயின் ஃபிரிட்ஜ் இருக்கிறதாம். கூட அவர் மனைவி குமுதா வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கடைக்குள் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கண் ஓவன்கள் இருந்த பக்கமே போய்ப் போய் வந்தது. நான் அதைப் பார்க்காமல் இருந்தேன் என்று சொன்னால் பொய்.

வீட்டுக்குப் போய் அளந்தேன். சமையலறை மேடைக்குக் கீழே அறுபது சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் இடம் காலியாக விட்டிருந்தார்கள். குனிந்து டார்ச் அடித்தால், பின்சுவரில் சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய சுவிட்ச். ஒயின் ஃபிரிட்ஜுக்கு அது தேவையே இல்லை, சாதாரண பிளக் போதும். அந்த மாதிரி சுவிட்சை ஓவனுக்குத்தான் போடுவார்கள். குமுதா கைத்துணியைப் பிடித்தபடி பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு மணிக் கேள்வியை அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், அதனாலேயே கேட்கவில்லை. அந்தப் பகுதிக்கு வந்து நான் விற்கப்போகிற முதல் பெரிய டூயல் சோன் அது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். என் ஆசை அன்று மேடத்தின் சட்டத்தையும் அறியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுமனை புகுவிழா. காலை ஒன்பதிலிருந்து பத்து வரைக்கும் நல்ல நேரம், பால் காய்ச்சும்போதே புதுச் சாமான்களையும் தொடங்கிவிடவேண்டும் என்று அவர்கள் வீட்டு ஐயர் சொல்லியிருந்தார். பெட்டியோ அன்று காலை எட்டு மணிக்குத்தான் கிடங்கிலிருந்து கடைக்கு வந்தது. எங்கள் லாரி மத்தியானம்தான் புறப்படும். மேடத்துக்கு அன்று விடுமுறை. சந்திரசேகரன் மச்சானுடைய காரை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கே வந்துவிட்டார். பின்சீட்டை மடக்கினால் பெட்டி போகும், ஆனால் படுக்கவைத்தால்தான் போகும். படுக்கவைத்தே கொண்டுபோகலாம் என்று அவர் அடம்பிடித்தார். பிறகு, கொண்டுபோய் நிமிர்த்தி வைத்துவிடலாம், சுவிட்சை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி நானும் காரில் ஏறிக்கொண்டேன். விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள்.

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். வாசலில் வாழைமரம், கூடத்தில் கோலம், சமையலறையில் பால் பொங்குகிற வாசனை. பெட்டியை இடத்தில் நுழைத்து முடிப்பதற்குள் ஒரு பெரியம்மா கண்ணாடிக் கதவில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். கடிகாரம் கட்டியிருந்த மாமா ஒருவர், இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றார். நான் சந்திரசேகரனிடம் மெதுவாக, இன்று வேண்டாம் சார், நாளைக்குப் போடலாம் என்று ஆரம்பித்தேன். என் கழுத்தில் சிலுவைச் சங்கிலி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ ஒரு பெண், "வேதக்காரங்களுக்கு நம்ம நல்ல நேரம் எங்க தெரியப்போவுது" என்று சொன்னது காதில் விழுந்தது. கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள், அதில் கெட்ட எண்ணம்கூட இருந்திருக்காது. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஒரு வேதக்காரி வந்து நல்ல நேரத்தைத் தடுத்துவிட்டாள் என்ற பேர் எனக்கு வரக்கூடாது என்று தோன்றியது. அந்த ஒரு நிமிடத்தில் எண்ணெய், குழாய், மேடம், மூன்று மாதம் எல்லாம் மறந்துபோயிற்று.

"போடுங்க" என்றேன்.

வீட்டுப் பெண்தான் தொடங்கவேண்டும் என்று குமுதாவை முன்னால் தள்ளினார்கள். அவர் கண்ணை மூடினார், உதடு ஏதோ முணுமுணுத்தது, பொத்தானை அமுக்கினார். நீல விளக்கு எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் கேசரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பயத்தில் எனக்குப் பசி எடுக்கும்.

புதன்கிழமை போன் வந்தது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறதாம், மேல் அறை பத்தொன்பதுக்குக் கீழே இறங்கவே இல்லையாம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "என் வைஃப்தான் அன்னிக்கு பட்டன மாத்தி அமுக்கிட்டா போல, மேரிக்கா. கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கிறா" என்றார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. நான் மென்று முழுங்கி, இருக்கலாம் சார், வந்து பார்க்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகு என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மேடத்திடம் பெட்டி படுத்து வந்ததையும், அன்றே சுவிட்ச் போட்டதையும், நான்தான் சரி என்று சொன்னதையும் சொல்லிவிட்டேன். குமுதா மேல் பழி விழுந்ததை மட்டும் சொல்லவில்லை. மேடம் மஞ்சள் துணியை எடுத்தார். பதினான்கு கதவுகள். பதினான்கையும் துடைத்து முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். பிறகு சொன்னார்: "உடனே அணைக்கச் சொல். சனிக்கிழமை வீட்டில் ஆள் இருக்கும்போது நீ போ. உன் கண் முன்னால் ஒரு நாள் முழுக்க அது நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வைத்துப் பார். குளிர்ந்தால் இங்கே வா. குளிராவிட்டால் ஃபேன்."

பெட்டிக்குக் காவல் இருக்கப்போன விற்பனையாளர் இந்த ஜொகூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செனாயில் இருந்தேன். போய்ப் பார்த்தால், சந்திரசேகரன் நடுவில் பொறுக்காமல் மறுபடியும் ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கிறார். மேடம் ஆள் அனுப்பியது ஏன் என்று அப்போது புரிந்தது. நானே பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றிக் கட்டி, சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அளவெடுக்க வந்த அரை மணி நேரத்தில் தெரியாத வீடு, நாள் முழுக்க உட்கார்ந்தால் தெரிகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக வந்து அந்தக் கண்ணாடிக் கதவில் விழுந்தது. ஒயினுக்கு வெயில் ஆகாது. அதே இரண்டு மணிக்குக் குமுதா பின்பக்கக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு ஸ்டூல் மேல் சின்னதாக ஓர் ஓவன். பிஸ்கட் ஆர்டர் எடுத்துச் செய்துகொடுக்கிறாராம். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் கிறிஸ்மஸுக்கும் மூச்சுவிட நேரம் இருக்காதாம். ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான் வேகும். வீடு வாங்கும்போது வயர்மேனிடம் சொல்லி அந்தச் சிவப்பு சுவிட்சைப் போடவைத்ததே அவர்தானாம். எனக்கு ஒரு தட்டு பிஸ்கட் கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சந்திரசேகரன் வந்து பெட்டியைப் பார்த்து உச்சுக்கொட்டினார். இனிமேல் புதுச் சாமான் எதையும் இவளைத் தொடவிடக் கூடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, விளையாட்டாகத்தான் சொன்னார். குமுதா தலையைக் குனிந்துகொண்டார். பெட்டி ஓடுமா ஓடாதா என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஓடினால் ஒருவேளை இதைச் சொல்லாமலே தப்பித்துவிடலாம். அந்த எண்ணமும் வந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு நாள் என்னால் உட்கார முடியாது.

"சார், அவங்க மேல தப்பு இல்ல. படுக்க வச்சு கொண்டாந்த பொட்டிய ஒரு நாளைக்குப் போடக்கூடாது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் போடுங்கன்னேன். போன்ல நீங்க கேட்டப்பவும் வாயை மூடிக்கிட்டேன்" என்றேன்.

காரில் படுக்கவைக்கலாம் என்று அடம்பிடித்தது அவரும்தான், அது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அப்ப இவ ஏன் நாலு நாளா வாயே தொறக்கல?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

குமுதா கையைத் துணியில் துடைத்தார். "நான்தான் கெடுத்தேன்னு நெனச்சேன். பட்டன அமுக்கும்போது சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன், இது ஓடவே கூடாதுன்னு."

கடைக்கு வந்தபோது ஒரு வார்த்தை பேசாதவர், இப்போது நிறுத்தவில்லை. அந்த இடம் ஓவனுக்கு என்று தான் எண்ணி வைத்திருந்ததையும், சிங்கப்பூர் நண்பர்கள் வீட்டுக் கதையைக் கேட்ட பிறகு யாரும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும், நல்ல நேரத்தில் கெட்டதை வேண்டிக்கொண்டதால் சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று நான்கு நாளாகத் தூங்காததையும் சொன்னார். சொல்லிவிட்டு அழப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் சந்திரசேகரன் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது, கடைசியில் குமுதாவுக்கும். மூன்று பேரும் பிளக் பிடுங்கிய பெட்டியின் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

"எனக்கும் ஒரு கேள்வி இருக்குமா. அன்னிக்கே கேட்டிருக்கணும். மத்தியானம் ரெண்டு மணிக்கு இந்த வீட்ல யாரு இருக்கா?" என்றேன்.

"நான்தான்கா. வேற யாரு" என்றார் குமுதா.

அன்று சாயந்திரம், பிளக்கைத் தொடமாட்டேன் என்று சந்திரசேகரனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் காலை வரவேண்டும் என்பதால் சர்ச்சில் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போனேன். பெட்டி குளிரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. முந்தி ஒருத்தர் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டதோ என்ற பயம்தான். எது நடந்தாலும் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குப் பிளக்கைச் செருகினேன். மேலே ஒரு கிளாஸ், கீழே ஒரு கிளாஸ், மேடம் கொடுத்தனுப்பிய இரண்டு வெப்பமானிகள். ஃபேன் பகுதியில் யார் யாரோடு நிற்கவேண்டும் என்றுகூட நான் மனதுக்குள் யோசித்துவிட்டேன். பன்னிரண்டரை மணிக்கு மேல்தட்டுக் கிளாஸ் இருபதுக்கு வந்தது. இரண்டு மணிக்குப் பதினான்கு. கம்ப்ரசர் ஒரு தடவை நின்றது. அது நிற்கிற சத்தத்தை அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டவள் நானாகத்தான் இருப்பேன். நாலு மணிக்கு மேல்தட்டில் ஒன்பது, கீழ்த்தட்டில் பதினைந்து. சந்திரசேகரன் போய் அளவுநாடாவை எடுத்துவந்து, கூடத்தில் படிக்கட்டுக்குக் கீழே, வெயில் எட்டாத மூலையைப் பெட்டிக்காக அவரே அளக்க ஆரம்பித்தார். நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்தேன்.

திங்கட்கிழமை மேடத்திடம் நோட்டைக் கொடுத்தேன். எண்களைப் படித்தார். பிறகு நான் போனில் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். துணி எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். "இதை ஏன் புதன்கிழமையே சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். பிறகு நோட்டை மூடினார். "ஃபிரிட்ஜ் குளிர்ந்துவிட்டது, நீ இங்கே இருக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்கு இனி என்ன போனாலும் நீயே போய் நில்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுக்கு ஓவன் போயிற்று. லாரியில், நிமிர்ந்தபடி போயிற்று. நானும் கூடவே போய் இடத்தில் பொருத்துவதைப் பார்த்துவிட்டு வந்தேன். வயரை மட்டும் வயர்மேன்தான் இணைக்கவேண்டும், அவர் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை ஒன்பதே காலுக்குக் குமுதா போன் செய்தார். பின்னால் பெரியம்மாவின் குரலும் மாமாவின் குரலும் கேட்டன. பத்து மணி வரைக்கும் நல்ல நேரமாம், வயர்மேனைக் காணோமாம், மச்சானுக்கு வயர் வேலை கொஞ்சம் தெரியுமாம், அவரையே இணைக்கச் சொல்லிப் போட்டுவிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்களாம்.

எனக்கு அன்றைய சமையலறை அப்படியே கண்ணுக்குள் வந்தது.

"வேண்டாம்மா. அது பெரிய கரண்ட்டு. வயர்மேன் வந்து இறுக்கிப் பார்த்துட்டுச் சொல்லட்டும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றேன்.

குமுதா யாரிடமோ ஏதோ சொன்னார். பெரியம்மா ஏதோ முணுமுணுத்தார். பிறகு குமுதா, சரிக்கா என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நல்ல நேரத்தைத் தடுத்த வேதக்காரி என்ற பேர் கடைசியில் வந்தேவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வந்தால் வரட்டும்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு மறுபடியும் போன். வயர்மேன் இப்போதுதான் வந்து, எல்லாவற்றையும் இறுக்கிப் பார்த்து, போடலாம் என்று சொல்லிவிட்டாராம். கேக் மாவு தயாராக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம் என்பது, ஊரில் இத்தனை பேரோடு பழகிய எனக்கே தெரியும். ஆறு மணிக்குப் பிறகு வேண்டுமானால் போடு அம்மா என்று நானே சொல்லப்போனேன்.

"அதெல்லாம் இல்லக்கா" என்றார் குமுதா. "மேரிக்கா சரின்னு சொன்னா இப்பவே போடுன்னு அவருதான் சொல்றாரு. சொல்லுங்க, போடவா?"